நடக்காத கோல்கள்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தம்பி மூன்று பக்கத் தாள் ஒன்றைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தான். ஒரு காற்பந்துக் குழுவின் இளையோர் அணிக்கான ஒப்பந்தம். ஒரு பருவத்துக்கு மட்டும். மாத அலவன்ஸ் என்று ஒரு தொகை போட்டிருந்தது. பட்டர்வொர்த் பக்கத் தொழிற்சாலையில் ஓவர்டைம் சேர்த்து ஓர் ஆப்பரேட்டர் வாங்குவதைவிடக் குறைவு. தம்பிக்கு அப்போது 19 வயது. கோல் காவலர்.

அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு மலாய் வாசகங்களை விரல் வைத்துப் படித்தார். "எந்தத் தேதியில காசு வரும்னு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். அப்படி எங்கும் போட்டிருக்கவில்லை. அம்மா, "படிப்பு?" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார். நான் நிபோங் திபாலில் பொறியியல் படித்தவன், தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. வழக்கம்போல படித்தவன் பேசும் பேச்சைப் பேசினேன். டிப்ளோமாவை முடித்துவிட்டுப் போகலாமே என்றேன்.

"ஆறுமுகம் இருபது வயசுல மலேசியாவுக்கு ஆடினாரு" என்றான் தம்பி. அது அப்பாவிடமிருந்து அவன் கற்றுக்கொண்ட வரிதான்.

"ஆடினாரு, இல்லங்கல. அவருக்கு யாருடா சம்பளம் கொடுத்தா?" என்றார் அப்பா.

யாரும் பதில் சொல்லவில்லை. சாம்பார் ஆறிப்போனது. அந்தக் கேள்வி மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஆறுமுகம் என்ற பெயரைக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். எங்கள் வீட்டில் எம்.ஜி.ஆருக்கு அடுத்த இடம் அவருக்கு. ஆனால் அவர் எதை வைத்துப் பிழைத்தார், அந்தக் காலத்தில் ஒரு காற்பந்து ஆட்டக்காரரின் மாதம் எப்படி ஓடியது என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அதைத் தேடிப் படித்ததில் கிடைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

*

ஆர். ஆறுமுகம் 1953 ஜனவரி 31 அன்று கிள்ளான் துறைமுகத்தில் பிறந்தார். அவர் பிறந்தபோது அந்த ஊருக்குப் பெயர் போர்ட் சுவெட்டன்ஹாம். ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் பெயரைச் சுமந்துகொண்டிருந்த ஊர், 1972-இல்தான் போர்ட் கிள்ளான் ஆனது. கப்பலில் வந்திறங்கிய தமிழர்களில் பலர் தோட்டங்களுக்குப் போனார்கள். கொஞ்சம் பேர் அங்கேயே, துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மூட்டை தூக்கவும் தண்டவாளம் போடவும் நின்றுவிட்டார்கள். தோட்டத்துக்கு ஒரு திடல், துறைமுகத்துக்கு ஒரு திடல் என்று எல்லா இடத்திலும் பந்து மட்டும் இருந்தது. காலணி இருந்ததா என்பது வேறு கதை.

ஊர் பெயர் மாறிய அடுத்த ஆண்டு, 1973-இல், ஆறுமுகம் தேசிய அணிக்கு வந்தார். வயது இருபது. கோல் காவலருக்கு இது மிகவும் இளம் வயது. முன்னால் ஓடுகிற ஆட்டக்காரன் பதினெட்டு வயதில் வேகத்தை வைத்துப் பிழைத்துக்கொள்வான். கீப்பருக்கு வேகம் மட்டும் போதாது. யார் எங்கே நிற்கிறார்கள், பந்து எந்தக் காலிலிருந்து வருகிறது, எப்போது கோட்டை விட்டு வெளியே வரலாம் என்பதெல்லாம் வாங்கிய கோல்களிலிருந்துதான் கற்க வேண்டும். அதனால்தான் பயிற்சியாளர்கள் இளம் கீப்பரை இறக்கத் தயங்குகிறார்கள். அவன் கற்றுக்கொள்ளும் ஒவ்வொரு பாடமும் பலகையில் எண்ணாக ஏறிவிடும்.

ஆறுமுகத்துக்கு முன் அந்த இடத்தில் நின்றவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோவ் சீ கியோங், பதின்ம வயதிலேயே தேசிய அணிக்குள் வந்தவர். 1960களின் பிற்பாதியில் ஆசியாவின் சிறந்த கோல் காவலர் என்று திரும்பத் திரும்பத் தேர்வு பெற்றவர். 1970களின் தொடக்கத்தில் அவர் ஹாங்காங்குக்குப் போய்விட்டார். அங்கே காற்பந்து ஆடினால் சம்பளம் கிடைத்தது. இங்கே கிடைக்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியா முதன்முறையாக ஆடியபோது, நாட்டின் தலைசிறந்த கீப்பர் அணியில் இல்லை. அந்த அணி அமெரிக்காவை 3–0 என்று வென்றது, மேற்கு ஜெர்மனியிடம் 0–3, மொராக்கோவிடம் 0–6 என்று தோற்றது. நம்ம பினாங்கைச் சேர்ந்த நாமாட் அப்துல்லா, ஷாஹாருடின் அப்துல்லா சகோதரர்கள் அந்த அணியில் இருந்தார்கள். தமிழர்களில் எம். சந்திரன் இருந்தார்.

ஆக, 1973-இல் இளைஞன் ஆறுமுகம் கையுறை மாட்டியபோது அவர் முன்னால் இரண்டு வழிகள் தெரிந்திருக்கும். கடல் தாண்டிப் போய் ஆட்டத்தையே தொழிலாக்குவது ஒன்று. இங்கேயே இருந்து, வேறு தொழில் பார்த்துக்கொண்டு ஆடுவது இன்னொன்று. அவர் இங்கேயே இருந்தார்.

*

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். அந்தத் தலைமுறைக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

அணி கொடுக்கவில்லை. அன்றைய மலேசியக் காற்பந்து அமெச்சூர் விளையாட்டு. மாநிலத்துக்கு ஆடுபவர்கள் வங்கியிலோ, மின்சார வாரியத்திலோ, தொலைபேசி இலாகாவிலோ, நகராண்மைக் கழகத்திலோ, போலீஸிலோ, ராணுவத்திலோ ஊழியர்களாக இருந்தார்கள். நிறுவனங்களுக்குத் தனித்தனி அணிகள் உண்டு. நல்ல ஆட்டக்காரனுக்கு வேலை கிடைக்கும். பயிற்சிக்கு நேரம் கொடுப்பார்கள், போட்டிக்கு விடுப்பு கொடுப்பார்கள். மாதக் கடைசியில் குமாஸ்தாவுக்கோ டெக்னீஷனுக்கோ உண்டான சம்பளம் வரும். மாநில அணி கொடுப்பது பயணப்படியும் சாப்பாடும் ஜெர்சியும்.

இது மலேசியாவுக்கு மட்டும் உரிய ஏற்பாடு இல்லை. இந்தியாவின் பெரிய கோல் காவலரான பீட்டர் தங்கராஜ் 1935-இல் ஹைதராபாத்தில் பிறந்தவர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது ராணுவம். மெட்ராஸ் ரெஜிமெண்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்து, முதலில் சென்டர் ஃபார்வேர்டாக ஆடி, பிறகு கீப்பர் ஆனார். அவருடைய ரெஜிமெண்ட் அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது. மெல்போர்ன், ரோம் ஒலிம்பிக் அணிகளில் இருந்தார். 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வென்ற அணியிலும் இருந்தார். பணம் புரளும் இடம் என்று நாம் நினைக்கிற இங்கிலாந்தில்கூட 1961 வரை ஓர் ஆட்டக்காரருக்கு வாரம் 20 பவுனுக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று விதி இருந்தது.

இந்த ஏற்பாட்டைக் குறையாக மட்டும் சொல்ல மாட்டேன். அதில் ஒரு பாதுகாப்பு இருந்தது. முழங்கால் போனாலும் மேசை வேலை மிஞ்சும். பென்ஷனோ ஈ.பி.எஃப்போ ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் மறுபக்கம், உன் திறமை முழுதும் ஒருவருக்கும் கடன்படாத இலவசப் பொருள் ஆகிவிடுகிறது. மெர்டேக்கா அரங்கத்தில் நாற்பதாயிரம் பேர் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நிற்பவன் மறுநாள் காலையில் கவுண்டரில் உட்கார வேண்டியவன்.

*

ஆறுமுகம் சிலாங்கூர் மாநிலத்துக்கு ஆடினார். மொக்தார் டஹாரி, சோ சின் ஆன், சந்தோக் சிங் எல்லாம் தேசிய அணியில் அவருக்கு முன்னால் ஆடியவர்கள். ஒரு மலாய்க்காரர் கோல் போட, ஒரு சீனரும் ஒரு சீக்கியரும் தடுக்க, அவர்களுக்குப் பின்னால் ஒரு தமிழர் நின்றார். இப்போது விளம்பரப் படங்களில் கஷ்டப்பட்டு அமைக்கிற காட்சி அன்று தானாகவே அமைந்தது. தகுதி பார்த்து எடுத்தார்கள், அப்படி வந்தது. அவ்வளவுதான்.

1975 முதல் 1986 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் சிலாங்கூர் எட்டு முறை மலேசியக் கோப்பையை வென்றது. தேசிய அணி 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் வெண்கலம் வாங்கியது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் சீ விளையாட்டுத் தங்கம். ஜகார்த்தா இறுதியாட்டத்தில் இந்தோனேசியாவை அதன் சொந்த அரங்கத்தில் 1–0 என்று வென்றார்கள். மெர்டேக்கா கோப்பையை அந்தக் காலகட்டத்தில் ஐந்து முறை வென்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டங்களில் ஆறுமுகம் நாட்டுக்காக நின்றார். நீளமான கைகள். அதனால் வந்த பெயர் ஸ்பைடர்மேன்.

நாங்கள் பினாங்குக்காரர்கள். சிலாங்கூரைப் பிடிக்காமல் இருப்பது எங்கள் பக்கத்துப் பண்பாடு. எங்களுக்கும் ஒரு காலம் இருந்தது. 1974-இல் பேராக்கை 2–1 என்று வென்று மலேசியக் கோப்பையைக் கொண்டுவந்தோம். 1977 இறுதியாட்டத்தில் சிங்கப்பூரிடம் 3–2 என்று விட்டோம். 1982-இல் லீக் சாம்பியன். அந்தக் காலகட்டத்தில்தான் அப்பா ஒரே ஒரு முறை ஆறுமுகத்தை நேரில் பார்த்திருக்கிறார்.

அப்போது அவர் மாலாகோஃப் தோட்டத்தில் இருந்த பையன். தாத்தாவோடு பஸ்ஸில் பட்டர்வொர்த், அங்கிருந்து ஃபெரி, ஜார்ஜ்டவுனில் இறங்கி இன்னொரு பஸ், சிட்டி ஸ்டேடியம். கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கிற படிக்கட்டில் இடம் கிடைத்தது. தொண்ணூறு நிமிடமும் பினாங்குக்குக் கத்த வேண்டியவர்கள், முதல் பாதி முழுக்க எதிரணிக் கீப்பரின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவரு பேசிக்கிட்டே இருந்தாருடா" என்பார் அப்பா. "மலாயில கத்துவாரு, இங்கிலீஷ்ல கத்துவாரு. ஒரு தடவ பந்து வெளிய போனதும் தமிழ்ல ஏதோ முனகினாரு. அது எங்களுக்கு மட்டும்தான் புரிஞ்சுது. தாத்தா அப்படிச் சிரிச்சாரு."

என்ன முனகினார் என்று எத்தனை முறை கேட்டும் அப்பா சொன்னதில்லை. வீட்டில் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை போல.

*

தரக்கட்டுப்பாட்டு வேலையில் ஒரு வினோதம் உண்டு. நான் ஒழுங்காக வேலை செய்தால் ஒன்றும் நடக்காது. பழுதான பொருள் வாடிக்கையாளர் கைக்குப் போகாது, புகார் வராது, மீட்டிங் நடக்காது. வருஷக் கடைசியில் மேலாளர் என்னைப் பார்த்து, "இந்த வருஷம் என்ன செஞ்ச?" என்று கேட்டால், நடக்காமல் போன விஷயங்களை எப்படிக் காட்டுவது? தப்பிப்போன ஒரே ஒரு பழுது மட்டும் என் பெயரோடு ஃபைலில் இருக்கும்.

கீப்பரின் வரலாறும் அப்படித்தான் எழுதப்படுகிறது. மொக்தார் டஹாரி எத்தனை கோல் போட்டார் என்று எண்ணி வைத்திருக்கிறார்கள். தேதி, நிமிடம், எதிரணி எல்லாம் இருக்கின்றன. ஆறுமுகம் தடுத்தவற்றை எண்ணி வைத்தவர்கள் இல்லை. பழைய ஆட்ட முடிவுகளின் பட்டியலில் கோல் போட்டவர்களின் பெயர்கள் வரிசையாக இருக்கும். 1–0 என்ற முடிவில், அந்த சைபரை உண்டாக்கியவரின் பெயருக்கு இடமே இல்லை.

அந்த சைபர் எவ்வளவு கஷ்டம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கோல் வாயின் அகலம் 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பெருக்கினால் கிட்டத்தட்ட 18 சதுர மீட்டர். எங்கள் வீட்டு வரவேற்பறையின் தரையைத் தூக்கி நிறுத்தியது மாதிரி. பெனால்டி புள்ளி 11 மீட்டரில் இருக்கிறது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்தால் பந்து 0.44 வினாடியில் கோட்டைத் தொடும். கண் பார்த்து உடம்பு அசையத் தொடங்கவே 0.2 வினாடி ஆகிவிடும். மிச்சமிருக்கும் கால் வினாடிக்குள் ஒரு மனிதன் மூன்றரை மீட்டர் பறந்தாக வேண்டும். கணக்குப்படி முடியாது. அதனால் பந்து உதைபடுவதற்கு முன்பே, உதைப்பவனின் இடுப்பையும் ஊன்றிய காலையும் பார்த்து ஊகித்துப் பாய வேண்டும். ஊகம் தப்பினால் வெற்று மூலையில் விழுந்து கிடப்பவனைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள்.

நீளமான கை அந்தக் கணக்கில் சில சென்டிமீட்டர்களைக் கூட்டும். மிச்சம் எல்லாம் திடலில் கற்றது. அதுவும் அன்றைய திடல்கள். மழை பெய்தால் கோல் வாய் முன்னால் சேறு, வெயிலடித்தால் கல் மாதிரித் தரை. எங்கள் கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில் நெல் வயலை ஒட்டியிருக்கும் திடல்களில் இன்றைக்கும் அதே நிலைமைதான். தம்பியின் இடுப்பில் எப்போதும் ஒரு சிராய்ப்பு இருக்கும். ஆறும், மறுபடி உரியும்.

*

1980-க்கு வருவோம். அந்த ஆண்டில் ஆறுமுகத்துக்கு 27 வயது. எனக்கு இப்போது 28. ஒரு கீப்பர் முழுசாகக் கனிகிற வயது.

மாஸ்கோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்று கோலாலம்பூரில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை எல்லாம் வந்தன. ஏப்ரல் 6 அன்று மெர்டேக்கா அரங்கத்தில் இறுதியாட்டம், மலேசியாவும் தென் கொரியாவும். 1957-இல் சுதந்திரம் முழங்கிய அதே அரங்கம். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, சபாவிலிருந்து வந்த ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே சபாக்காரரான ஜேம்ஸ் வோங் உள்ளே தள்ளினார். 2–1. மலேசியா ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது.

அப்பாவுக்கு அப்போது 14 வயது. தோட்டத்து லயத்தில், பக்கத்து வீட்டு ரேடியோவில் கேட்டிருக்கிறார். கொரியாக்காரர்கள் பந்தோடு வருகிறார்கள் என்று அறிவிப்பாளர் மூச்சு வாங்குவார். "ஆறுமுகம்!" என்று கத்துவார். அவ்வளவுதான் தெரியும். அவர் பிடித்தாரா, தட்டிவிட்டாரா, இடப்பக்கமா வலப்பக்கமா, எல்லாம் கேட்பவர்கள் மனசுக்குள் போட்டுக்கொள்ள வேண்டும். அப்பா நாற்பது வருஷமாக எங்களுக்குச் சொல்லும் அந்த ஆட்டத்துக் கதைகளில் பாதி அவரே போட்டுக்கொண்ட படங்கள் என்று எனக்குத் தெரியும். கேட்கும்போது திருத்தத் தோன்றியதில்லை.

ஆனால் அணி மாஸ்கோ போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போயின. அதைக் கண்டித்து ஒலிம்பிக்கைப் புறக்கணிக்க அமெரிக்கா அழைப்பு விடுத்தது. ஹுசேன் ஓன் பிரதமராக இருந்த மலேசியாவும் விலகியது. கடைசியில் 80 நாடுகள்தான் மாஸ்கோவுக்குப் போயின. காற்பந்தில் மலேசியா விட்ட இடத்தில் ஈராக் போனது. கோஸ்தா ரிக்காவை வென்றது, பின்லாந்தோடும் யுகோஸ்லாவியாவோடும் சமன் செய்தது, காலிறுதி வரை போனது. அந்த மூன்று ஆட்டங்களும் மலேசியா ஆட வேண்டியவை.

அதே மாஸ்கோவில், வாசுதேவன் பாஸ்கரன் என்ற தமிழரின் தலைமையில் இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது. இந்தியா புறக்கணிக்கவில்லை. ஒரு தமிழர் கழுத்தில் பதக்கம் விழுந்த நாட்களில் இன்னொரு தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கில் வழக்கமான வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இருவர் திறமையையும் ஒப்பிட நான் வரவில்லை. இருவருக்கும் நடுவில் இருந்தது இரண்டு அரசாங்கங்களின் கையெழுத்து, அவ்வளவே.

ஆப்கானியர்கள் பட்ட பாட்டுக்கு முன்னால் ஓர் ஆட்டம் பெரிதா என்று கேட்கலாம். பெரிதில்லைதான். ஆனால் சம்பளம் இல்லாமல் ஆடியவர்களுக்குக் கிடைக்கக்கூடிய ஒரே பெரிய கூலி அந்தப் பயணம். அதை விட்டுக்கொடுப்பதா என்று அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. 1972-க்குப் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்து அணி ஒலிம்பிக் திடலில் கால் வைத்ததில்லை.

*

1988 டிசம்பர் 18 அன்று ஆறுமுகம் சாலை விபத்தில் இறந்தார். வயது 35.

அடுத்த ஆண்டு, 1989-இல், மலேசியாவில் அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. ஆட்டக்காரர்களுக்கு ஆட்டத்துக்காகவே ஒப்பந்தம், ஆட்டத்துக்காகவே பணம் என்ற பழக்கம் முறைப்படி வந்தது அப்போதுதான். அந்த முதல் பருவத்தில் சாம்பியன் ஆனது சிலாங்கூர். அவருடைய அணி. 1994-இல் முழுத் தொழில்முறை லீக் வந்தது. அவரோடு ஒரே ஆண்டில் பிறந்த மொக்தார் டஹாரி 1991-இல், நரம்பு நோயில், 37 வயதில் போய்விட்டார். அந்த அணியின் முன்பக்கத்தில் நின்றவரும் பின்பக்கத்தில் நின்றவரும் நாற்பதைத் தொடவில்லை.

தொழில்முறை வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1994, 95-இல் ஆட்டங்களை விலை பேசிய ஊழல் வெடித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், பலர் தடை செய்யப்பட்டார்கள். மாதம் கிடைப்பதைவிட ஒரு ராத்திரிக்குப் பந்தயக்காரன் கொடுப்பது பெரிதாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது பாடம். மக்கள் அரங்கங்களுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார்கள். எங்கள் தலைமுறை இங்கிலீஷ் லீக் பார்த்து வளர்ந்தது. மாமாக் கடைத் திரையில் லிவர்பூலுக்காகக் கத்தினோம்.

எனக்கு மலேசியக் கீப்பர் ஒருவர் மனசில் ஒட்டியது 2010 டிசம்பரில். எனக்கு 13 வயது. கே. ராஜகோபால் பயிற்சியில் மலேசியா சுசுகி கோப்பை இறுதிக்குப் போயிருந்தது. இரண்டாவது ஆட்டம் ஜகார்த்தாவில். இந்தோனேசியாவின் ஃபிர்மான் உத்தினா உதைத்த பெனால்டியை, 21 வயது கைருல் ஃபாஹ்மி பிடித்தார். அந்த ஆட்டத்தில் 1–2 என்று தோற்றும், இரண்டு ஆட்டம் சேர்த்து 4–2 என்று கோப்பை நமக்கு வந்தது. கடையில் எல்லாரும் குதித்தார்கள். அப்பா மட்டும் தே தாரேக் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "ஆறுமுகம் மாதிரிப் பிடிச்சான்" என்றார். என் பக்கத்தில் நாலு வயதுத் தம்பி மேசைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

2016-இல் 'ஓலா போலா' படம் வந்தது. சியூ கெங் குவான் இயக்கியது, 1980 அணியின் கதையை அடிப்படையாகக் கொண்டது. பெயர்கள் எல்லாம் மாற்றப்பட்டிருந்தன. கீப்பருக்கு முத்து என்று பெயர். சரண் குமார் நடித்திருந்தார். சனங்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். எனக்கும் படம் பிடித்தது, அழுதேன். ஆனால் என்னோடு வேலை செய்கிற ஒரு பையன், தமிழன், நன்றாகப் படித்தவன், ஒருநாள் "அந்த முத்து இப்ப எங்க இருக்காரு?" என்று என்னிடம் கேட்டான். கற்பனைப் பெயர் உண்மைப் பெயரை மூடிவிடுகிறது. மொக்தார் பெயரில் நாட்டின் காற்பந்து அகாடமி இருக்கிறது. நான் ஆறுமுகத்தின் முழுக்கதையையும் தமிழில் ஒரே இடத்தில் படித்ததில்லை. இந்தக் கட்டுரைக்கு அதுவும் ஒரு காரணம்.

*

அப்பாவின் கேள்விக்கு, படித்துவிட்டு வந்து, பதில் சொன்னேன். ஆடுவதற்காக யாரும் கொடுக்கவில்லை, வேலை செய்ததற்குக் கொடுத்தார்கள், அதை வைத்துக்கொண்டு ஆடினார்கள் என்றேன். அப்பா கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "அப்போ இவனுக்கு ஆடறதுக்கே கொடுக்கிறேங்கிறாங்க. முன்னேற்றம்தானே?" என்றார்.

முன்னேற்றம்தான், காசு வந்தால். மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. அங்கேயும் வேறு மாநிலங்களிலும் அண்மை ஆண்டுகளில் ஆட்டக்காரர்களின் சம்பளம் மாதக்கணக்கில் பாக்கி நின்றது செய்தியில் வந்தபடி இருக்கிறது. அணிகள் லீக்கை விட்டே போயிருக்கின்றன. ஆறுமுகம் காலத்தில் கையில் ஒரு வேலை இருந்தது, ஆட்டத்துக்குக் கூலி இல்லை. இப்போது ஆட்டத்துக்குக் கூலி உண்டு என்று தாளில் இருக்கிறது, வேலை இல்லை. பாதுகாப்பை வாங்கிக்கொண்டு வாக்குறுதியைக் கொடுத்திருக்கிறார்கள்.

தம்பியோடு உட்கார்ந்து ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். தொழிற்சாலையில் சப்ளையர் ஒப்பந்தம் படிக்கிற பழக்கம் கைகொடுத்தது. மூன்று விஷயம் கேட்கச் சொன்னேன். பணம் வரும் தேதி, காயம் பட்டால் வைத்தியச் செலவு யாருடையது, காயத்தில் உட்கார்ந்திருக்கும் மாதங்களுக்கு அலவன்ஸ் உண்டா. அவன் தயங்கினான். "இதெல்லாம் கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாங்கண்ணே" என்றான். கேட்டான். தேதியை எழுதிக் கொடுத்தார்கள். வைத்தியச் செலவுக்கு ஒரு வரி சேர்த்தார்கள். மூன்றாவதற்கு முடியாது என்றார்கள். கையெழுத்துப் போட்டான். டிப்ளோமாவை விடவில்லை, பகுதிநேரமாக மாற்றிக்கொண்டான்.

ஐந்தாவது மாதத்திலிருந்து எழுதிக் கொடுத்த தேதிக்குப் பணம் வரவில்லை. இரண்டு மாதம் பாக்கி நின்று, பிறகு ஒரு மாதத்துக்கானது வந்தது. குழுவின் பெயர் வேண்டாம். அவன் இன்னும் அங்கேதான் ஆடுகிறான். பெட்ரோலுக்கு நான் கொடுக்கிறேன். ஒரு கணக்குக்கு, ஆறுமுகம் காலத்து ஏற்பாடு எங்கள் வீட்டுக்குள் திரும்பி வந்துவிட்டது. தம்பி ஆடுகிறான், தொழிற்சாலை சம்பளம் கொடுக்கிறது, என் பெயரில்.

போன மாதம் அவன் ஆட்டத்துக்கு அப்பாவைக் கூட்டிப் போனேன். மூடுகொட்டகையில் இடம் இருந்தது. அப்பா அங்கே வரவில்லை, நடந்து போய் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாதி ஆட்டத்தில் பக்கம் மாறியபோது அவரும் திடலைச் சுற்றி மறுபக்கம் போனார். தம்பி இரண்டு நல்ல பந்துகளைத் தட்டிவிட்டான். ஒன்று இடப்பக்கக் கீழ் மூலை, முழு நீளத்துக்குப் பாய்ந்து விரல் நுனியில். ஆட்டம் 0–0.

காரில் திரும்பும்போது, தாசேக் குளுகோர் தாண்டி, அப்பா தானாகவே பேச ஆரம்பித்தார். அந்தக் கீழ் மூலைப் பந்தைப் பற்றி. அது எங்கிருந்து வந்தது, யார் உதைத்தான், தம்பி எந்தக் காலில் எழும்பினான் என்று. நான் பார்த்ததைவிட பந்து வேகமாக வந்திருந்தது, தூரமும் கொஞ்சம் கூடியிருந்தது. வீடு வருவதற்குள் இன்னும் கூடியது. நான் திருத்தவில்லை.